‘பேங்க்’: ஒரு சொல், நாலு கரை

இந்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வது ஒரேயொரு ஆங்கிலச் சொல். எழுத்துக் கூட்டினால் பி, ஏ, என், கே. பள்ளியில் முதல் படித்த பொருள் வங்கி. அந்த ஒரு பொருளோடு மன்னாரில் ஆங்கிலக் காகிதம் வாசிக்கப் போனால் சிக்கல் வரும். வங்கிப் படிவம், நீர்ப்பாசன அறிவித்தல், கடல் வரைபடம், முத்துக்குளிப்புப் பற்றிய பழைய நூல் என்று நாலு வகைக் காகிதத்திலும் இதே சொல் நாலு பொருளில் நிற்கும்.

ஓ.எல். எழுதும் பிள்ளைகள், கடற்றொழிலாளர் சங்கத்தில் கடிதம் எழுதுவோர், சுற்றுலாப் பயணிகளுக்கு ஊர் காட்டுவோர், அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். ஒரு சொல்லை முழுதாகக் கையில் எடுக்கும் ஒழுங்கு பிடிபட்டால் அதே ஒழுங்கில் எந்தச் சொல்லையும் எடுக்கலாம்.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒற்றைக் கோடு போட்ட கொப்பி ஒன்று, ஓரளவு பெரிய ஆங்கில அகராதி ஒன்று, உங்கள் வங்கியின் பணவைப்புப் படிவம் ஒன்று, சுவரில் தொங்கும் இந்த வருட நாட்காட்டி. கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியை இப்போதைக்கு மூடி வையுங்கள். கடைசியில் சரிபார்க்க மட்டும் திறக்கலாம்.

முதலில் வாய்

பொருளுக்குப் போகுமுன் உச்சரிப்பைச் சரி செய்யுங்கள். மூன்று இடங்களில் வாய் தவறும்.

1. முதல் எழுத்து ‘பந்து’ என்பதில் வரும் ப அல்ல. ‘அன்பு’ என்பதில் வரும் பு போல உதடு அதிர வேண்டும்.

2. உயிரோசை ‘பே’ என்றும் நீளாது, ‘பா’ என்றும் விரியாது. இரண்டுக்கும் நடுவில், வாயை அகலத் திறந்து சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ‘பாங்கு’ என்றால் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பது. அந்த ஓசை இதற்குள் வரக்கூடாது.

3. கடைசி ‘க்’ கேட்க வேண்டும். அது விழுந்தால் வெடிச்சத்தத்தைக் குறிக்கும் ‘பேங்’ ஆகிவிடும்.

குறிப்பு: வங்கித் தொழில் நடத்துபவர் ‘பேங்க்கர்’. உயிரோசையைக் குறுக்கி ‘பங்கர்’ என்றால் அது பதுங்குகுழி. யுத்த காலம் கண்ட எவருக்கும் அந்த இரண்டாவது சொல்லை விளக்கத் தேவையில்லை. அதனாலேயே நம் வாயில் அது முந்திக்கொண்டு வருகிறது. இரண்டையும் மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

பொருளைப் பிடிக்கும் ஒழுங்கு

படி 1. சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். ‘ரிவர்’ நின்றால் ஆற்றங்கரை. ‘சாண்ட்’ நின்றால் மணல் தீடை. ‘பேர்ல்’ நின்றால் முத்துப் பார். ‘ப்ளட்’ நின்றால் இரத்த வங்கி. பாதிக் குழப்பம் இங்கேயே தீரும்.

படி 2. முன்னால் எதுவும் இல்லையென்றால் ‘இன்’, ‘அட்’, ‘ஆன்’ என்ற சிறு சொற்களைப் பாருங்கள். ‘இன் த பேங்க்’ என்றால் பணம் வங்கியில் இருக்கிறது. ‘அட் த பேங்க்’ என்றால் ஆள் வங்கியில் நிற்கிறார். ‘ஆன் த பேங்க்’ என்றால் பெரும்பாலும் கரை, அல்லது கடலடி மேடு.

படி 3. அது பெயரா வினையா என்று கேளுங்கள். ‘டு’, ‘வில்’, ‘டோன்ட்’ போன்றவை முன்னால் வந்தால் வினை. வினைக்குரிய பொருள்கள் வேறு. அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

படி 4. பொருள் பிடிபட்டதும் கொப்பியில் ஆங்கில வாக்கியத்தை முழுதாக எழுதி, அதன் கீழே நீங்கள் வீட்டில் பேசும் சொல்லை எழுதுங்கள். அகராதியின் முதல் சொல்லை அப்படியே பெயர்த்தெழுத வேண்டாம்.

இந்த நாலாவது படியைப் பலர் தவறவிடுகிறார்கள். கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தீடையும் தெரியும், பாரும் தெரியும். ஆனால் பரீட்சைத் தாளில் ‘மணல் வங்கி’ என்று எழுதிவிட்டு வருகிறது. தெரிந்த தமிழை ஆங்கிலத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் சொல் கற்பது.

பணம் வைக்கும் இடம்

மிகப் பழக்கமான பொருள் இதுதான். 1939இல் தொடங்கிய இலங்கை வங்கி ஆங்கிலத்தில் ‘பேங்க் ஆஃப் சிலோன்’. 1961இல் தொடங்கிய மக்கள் வங்கி ‘பீப்பிள்ஸ் பேங்க்’. நாட்டின் பெயர் 1972இல் மாறியும் முதலாவதன் ஆங்கிலப் பெயர் மாறவில்லை. ஆகவே கடிதத்தில் ‘பேங்க் ஆஃப் ஸ்ரீலங்கா’ என்று எழுதாதீர்கள். ‘சென்ட்ரல் பேங்க் ஆஃப் ஸ்ரீலங்கா’ என்பது மத்திய வங்கி, அது வேறு.

இப்போது பணவைப்புப் படிவத்தை எடுத்து முன்னால் வையுங்கள். இந்தச் சொல் அதில் இரண்டு இடத்தில் ஆளை ஏமாற்றும்.

ஒன்று, ‘ஃபார் பேங்க் யூஸ் ஒன்லி’ என்று போட்ட பெட்டி. அது காசாளருக்கு உரியது. வெறுமையாக இருக்கிறதே என்று அதில் தொலைபேசி இலக்கத்தை எழுதினால் வேறு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதச் சொல்வார்கள்.

மற்றது, காசோலை விபரத்துக்குரிய கட்டத்தில் வரும் ‘பேங்க்’, ‘பிராஞ்ச்’. அங்கே எழுத வேண்டியது நீங்கள் நிற்கும் வங்கியின் பெயரல்ல. காசோலையில் அச்சிட்டிருக்கும் வங்கியும் அதன் கிளையும். கொழும்புக் கிளையில் எழுதப்பட்ட காசோலையை மன்னாரில் போடுகிறீர்கள் என்றால் அந்தக் கட்டத்தில் வர வேண்டியது கொழும்புக் கிளைதான்.

நாட்காட்டியையும் இப்போதே பாருங்கள். விடுமுறை நாட்களுக்குக் கீழே சிறு குறிகள் இருக்கும். அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்றையும் அவை பிரித்துக் காட்டும். இலங்கையில் ‘பேங்க் ஹாலிடே’ என்பது வங்கி பூட்டியிருக்கும் நாள் என்ற நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. இங்கிலாந்தில் உள்ள உங்கள் அண்ணன் அதே சொல்லைச் சொன்னால், அவருக்குப் பொது விடுமுறை என்று அர்த்தம். அங்கே 1871இல் வந்த வங்கி விடுமுறைச் சட்டத்திலிருந்து அந்த வழக்கு வந்தது.

ஒத்த சொற்கள்: பணம் சேர்த்து வைப்பது என்ற அளவில் ‘ஃபண்ட்’, ‘ரிசர்வ்’ இரண்டும் பக்கத்தில் வரும். ஆனால் ‘ஃபண்ட்’ ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கிய பணம். ‘ரிசர்வ்’ அவசரத்துக்கு வைத்த கையிருப்பு. கட்டடத்தைக் குறிக்க இவற்றைப் போட முடியாது. பிள்ளையின் உண்டியலுக்கு ‘பிக்கி பேங்க்’.

ஆற்றின் ஓரம்

அனுராதபுரத்தைத் தொட்டு வரும் மல்வத்து ஓயா நம் பக்கத்தில் அருவியாறு என்ற பெயரோடு வந்து, அரிப்புக்கு அருகே கடலில் விழுகிறது. 164 கிலோமீற்றர் நீளம், நாட்டின் இரண்டாவது நீண்ட ஆறு. அதன் இரு ஓரமும் ஆங்கிலத்தில் ‘பேங்க்ஸ்’.

‘லெஃப்ட் பேங்க்’, ‘ரைட் பேங்க்’ என்று வந்தால் செய்ய வேண்டியது:

1. நீர் ஓடும் திசைக்கு முகம் கொடுத்து நிற்பதாக நினையுங்கள்.
2. உங்கள் இடக்கைப் பக்கம் ‘லெஃப்ட் பேங்க்’, வலக்கைப் பக்கம் ‘ரைட் பேங்க்’.
3. பாலத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதை வைத்துச் சொல்லாதீர்கள்.

அருவியாறு மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது. ஆகவே தெற்கே உள்ள அரிப்பு இடதுகரை, வடக்கே நானாட்டான் பக்கம் வலதுகரை. நீர்ப்பாசன அறிவித்தலில் ‘லெஃப்ட் பேங்க் கெனால்’ என்று வந்தால் அது இடதுகரை வாய்க்கால். எந்த வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது என்று சொல்லும்போது இந்த ஒரு சொல்லில் பிழை விட்டால் வயல்காரரிடம் பதில் சொல்ல முடியாது.

செய்திகளில் அடிபடும் ‘வெஸ்ட் பேங்க்’ கூட இந்தப் பொருள்தான். ஜோர்தான் ஆற்றின் மேற்கே உள்ள நிலம் என்பதால் தமிழ்ப் பத்திரிகைகள் மேற்குக் கரை என்று சரியாகவே எழுதுகின்றன.

பக்கத்துச் சொற்களைப் பிரித்துப் பிடியுங்கள். ‘பேங்க்’ ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும். ‘ஷோர்’ கடலுக்கும் பெரிய ஏரிக்கும். ‘கோஸ்ட்’ ஒரு நாட்டின் அல்லது மாவட்டத்தின் முழுக் கடலோரம். ‘பீச்’ மணலும் ஆட்களும் உள்ள கடற்கரை. குளத்துக்கு மட்டும் கவனம்: கட்டுக்கரைக் குளத்தின் குளக்கட்டை நம் பொறியியலாளர்கள் ‘பண்ட்’ என்பார்கள். அங்கே ‘பேங்க்’ போட வேண்டாம்.

கடலுக்குள் இருக்கும் ‘பேங்க்’

மன்னார் வாசகருக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். அகராதியில் இது கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும்.

கடல் ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்றால் சுற்றியுள்ள தரையைவிட உயர்ந்து நிற்கும் கடலடி. அது நீருக்கு மேலே தெரிய வேண்டும் என்றில்லை. மீன் கூடும் இடம் என்பதால் தொழிலாளருக்கு அது பெரிய சொல். கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள ‘வாட்ஜ் பேங்க்’ அப்படி ஓர் இடம். 1976 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் எல்லை வகுத்தபோது பரிமாறிய கடிதங்களில் அந்தப் பெயர் வருகிறது. பருத்தித்துறைக்கு அப்பாலுள்ள ‘பேதுரு பேங்க்’ இன்னொன்று. இரண்டிலும் பணம் வைக்கும் வங்கி கிடையாது, கரையும் கிடையாது.

நம்முடையது ‘பேர்ல் பேங்க்’. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு அப்பால், மணலுக்கு நடுவே கல்லும் பாறையுமாகக் கிடக்கும் கடலடியில் முத்துச் சிப்பி ஒட்டி வளர்ந்தது. அந்தத் தரையைத் தமிழில் பார் என்றார்கள். ஆங்கிலேய அதிகாரிகள் பொதுவாக எழுதும்போது ‘பேங்க்’ என்றார்கள். தனித்தனி இடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கும்போது தமிழையே எடுத்துப் ‘பெரிய பார்’ என்று அப்படியே ஆங்கில எழுத்தில் பதிந்தார்கள். விலங்கியலாளர் ஹேர்ட்மன் இலங்கை அரசுக்குச் செய்த ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வந்தது. அதைப் புரட்டினால் இரண்டு வழக்கும் ஒன்றாக நடப்பதைப் பார்க்கலாம்.

இந்தப் பழைய நூல்களை வாசிக்க விரும்புவோருக்கு மூன்று எச்சரிக்கை.

1. ஆங்கிலத்திலும் ‘பார்’ என்று ஒரு சொல் உண்டு. ஆற்று முகத்திலோ துறைமுக வாயிலிலோ குறுக்கே நீளும் மணல் மேட்டுக்கு அந்தப் பெயர். நம் பார் கல்லும் பாறையும். ஓசை ஒன்றாக இருப்பதால் ஒன்றென்று எண்ண வேண்டாம்.

2. ‘இன்ஸ்பெக்டர் ஆஃப் பேர்ல் பேங்க்ஸ்’ என்ற பதவிப் பெயர் வரும். அவர் வங்கிப் பரிசோதகர் அல்லர். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, குளிப்பை எப்போது வைக்கலாம் என்று கடலில் போய்ப் பார்த்துச் சொன்ன அதிகாரி.

3. 1906 குளிப்பின்போது மரிச்சுக்கட்டியில் கடமையாற்றிய லெனார்ட் வூல்ஃப் தன்வரலாற்றில் அந்தக் காலத்தை எழுதியிருக்கிறார். அத்தகைய எழுத்தில் ‘பேங்க்ஸ்’ என்று வெறுமனே வந்தாலும் பார் என்றே வாசியுங்கள்.

‘பேர்ல் பேங்க்’ என்பதை ‘முத்து வங்கி’ என்று மொழிபெயர்த்தால் மன்னாரின் மிகப் பெரிய சரித்திரம் ஒரு நகைக்கடைப் பெயராகச் சுருங்கிவிடும். சுற்றுலாப் பலகையோ கைநூலோ எழுதுகிறவர்கள் தயவுசெய்து இந்த ஒரு சொல்லில் கவனம் வையுங்கள்.

அடுத்தது ‘சாண்ட் பேங்க்’. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிப் பக்கமாக நீளும் தீடைகள் இவை. ஆங்கிலத்தில் அந்த வரிசைக்கு ‘ஆடம்ஸ் பிரிட்ஜ்’ என்று பெயர். சில தீடைகள் நீருக்கு மேலே காய்ந்து கிடக்கும், சில நீருக்குள்ளேயே இருக்கும். காற்றும் நீரோட்டமும் மாறும்போது அவற்றின் உருவமும் மாறும்.

வரைபடம் வாசிக்கும்போது பாதுகாப்பு

கடல் வரைபடத்தில் கீழுள்ள சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவதில்லை. ஒத்த சொல் என்று அகராதி சொன்னாலும் நம்பாதீர்கள்.

1. ‘பேங்க்’: கடலடி உயர்ந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் கலம் மேலே போக நீர் போதும்.
2. ‘ஷோல்’: மணலோ சேறோ உயர்ந்து, கலத்துக்கு ஆபத்தான அளவு ஆழம் குறைந்த இடம்.
3. ‘ரீஃப்’: நீர்மட்டத்துக்கு அருகே கல் அல்லது முருகைக்கல். தட்டினால் அடிப்பலகை போகும்.
4. ‘சாண்ட் பேங்க்’: முதலாவதுபோல் எண்ணிவிடாதீர்கள். வற்றில் வெளியே தெரியும் தீடையும் இதற்குள் அடங்கும்.

ஆழ இலக்கத்தை வாசிக்குமுன் அலகைப் பாருங்கள். பழைய வரைபடங்களில் ‘ஃபாதம்’, அதாவது பாகக் கணக்கு இருக்கும். ஒரு பாகம் ஆறு அடி, சுமார் 1.83 மீற்றர். புதியவற்றில் மீற்றர். மீற்றரில் போட்ட 3ஐப் பாகம் என்று வாசித்தால் ஒன்பது அடியும் சொச்சமும் உள்ள இடத்தைப் பதினெட்டு அடி என்று எண்ணிவிடுவீர்கள். தீடை நகரும் கடலில் எந்த வரைபடமும் பழையதே. அந்தத் துறையில் தொழில் செய்யும் ஒருவரிடம் கேட்காமல் புது வழியில் படகு விடாதீர்கள்.

சேர்த்து வைக்கும் இடமெல்லாம்

வைத்துத் தேவைக்கு எடுப்பது என்ற கருத்தில் இந்தச் சொல் பல திசைக்கும் போயிருக்கிறது. இங்கே தமிழிலும் ‘வங்கி’ என்றே சொல்லலாம், பயப்படத் தேவையில்லை. வைத்தியசாலையில் ‘ப்ளட் பேங்க்’ இரத்த வங்கி. ‘ஐ பேங்க்’ கண் வங்கி. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கத்தால் இந்த நாடு உலகத்துக்கே கண் கொடுத்தது. மாணவர்களுக்கு ‘குவெஸ்சன் பேங்க்’ வினா வங்கி. ‘வோட் பேங்க்’ என்ற வழக்கை முதலில் கையாண்டவர் இந்தியச் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ். ‘பவர் பேங்க்’ மட்டும் விதிவிலக்கு. அதைத் தமிழாக்க முயலாதீர்கள், கடையில் யாருக்கும் விளங்காது.

வினையாக வரும்போது

‘ஐ பேங்க் வித் பீப்பிள்ஸ் பேங்க்’: எனக்கு மக்கள் வங்கியில் கணக்கு இருக்கிறது.

‘பேங்க் த செக்’: காசோலையைக் கணக்கில் போடு.

‘த பிளேன் பேங்க்ட் லெஃப்ட்’: விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பியது. இறந்தகாலத்தை ‘பேங்கெட்’ என்று இரண்டு அசையாக்காமல் ‘பேங்க்ட்’ என்று ஒரே வீச்சில் சொல்லுங்கள்.

‘பேங்க் ஆன்’: நம்பியிருத்தல். ‘டோன்ட் பேங்க் ஆன் இட்’ என்றால் அதை நம்பிக் காரியத்தில் இறங்காதே. எச்சரிக்கும்போதுதான் இது அதிகம் வரும். ‘ரிலை ஆன்’, ‘டிபெண்ட் ஆன்’ இரண்டும் இதற்கு ஒத்தவை. வேலை விண்ணப்பத்தில் ‘ரிலை ஆன்’ எழுதுங்கள். நண்பனிடம் பேசும்போது ‘பேங்க் ஆன்’ போதும்.

இந்தச் சொல்லைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள்

‘ஐ ஆம் காலிங் ஃப்ரம் த பேங்க்’ என்று தொலைபேசியில் ஆங்கிலம் கேட்டதும் பலர் பதறிப்போய் எல்லா இலக்கத்தையும் சொல்லிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது:

1. தமிழில் பேசச் சொல்லுங்கள். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் ஆட்சிமொழி, கேட்பதில் வெட்கம் இல்லை.
2. அட்டை இலக்கம், இரகசிய இலக்கம், ஓ.டி.பி. எதையும் சொல்லாதீர்கள். தமிழில் பேசினாலும் சொல்லாதீர்கள்.
3. அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள்.
4. ஆங்கிலக் கடன் படிவத்தில் ‘கேரண்டர்’ என்ற சொல்லுக்கு எதிரே கையெழுத்துக் கேட்டால் நில்லுங்கள். அது பிணை நிற்பவரின் இடம். கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும்.

பயிற்சி

முதலில் விடையைக் கையால் மூடிக்கொண்டு தமிழில் சொல்லுங்கள்.

1. ‘த போட் ரான் அகிரவுண்ட் ஆன் எ சாண்ட் பேங்க்.’
2. ‘டுமாரோ இஸ் எ பேங்க் ஹாலிடே.’
3. ‘த டைவர்ஸ் வென்ட் அவுட் டு த பேங்க்ஸ் அட் டான்.’
4. ‘டோன்ட் பேங்க் ஆன் த வெதர்.’
5. ‘தே லிவ் ஆன் த ரைட் பேங்க்.’

விடை: 1. படகு தீடையில் ஏறிவிட்டது. 2. நாளை வங்கி பூட்டு. 3. குளியாட்கள் விடியலில் பார்களுக்குப் போனார்கள். 4. காலநிலையை நம்பி இறங்காதே. 5. அவர்கள் வலதுகரையில் குடியிருக்கிறார்கள்.

மூன்றாவதில் ‘வங்கிகளுக்கு’ என்று சொன்னீர்களானால் முழு வாக்கியத்தையும் திரும்ப வாசியுங்கள். அங்கே முன்னால் உதவிச் சொல் இல்லை, ஆனால் குளியாட்கள் வாக்கியத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். செயலியை இப்போது திறந்து, இதே ஐந்து வாக்கியத்தையும் கொடுத்து, எங்கே அது உங்களிடம் தோற்கிறது என்று பாருங்கள்.

அடுத்த சொல்லாக ‘டாங்க்’ என்பதை எடுங்கள். கட்டுக்கரைக் குளத்தின் ஆங்கிலப் பெயர் ‘ஜயன்ட்ஸ் டாங்க்’. அந்தப் பெயரைக் கொப்பியின் முதல் வரியில் எழுதித் தொடங்குங்கள்.